சலமாண்டர், டிராகன், தலைக்கவசம்: ராயல் விமானப்படைச் சின்னங்களை வாசிக்கும் முறை

ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) சின்னம் ஒன்று கண்ணில் பட்டால் பார்வை நேராக நடுவில் இருக்கும் புலிக்கோ கழுகுக்கோ போய்விடும். பிரிட்டனின் ராயல் விமானப்படைச் சின்னமாக இருந்தால் முதலில் உச்சியில் உள்ள கிரீடத்தைப் பாருங்கள். அதன் வளைவுகள் இரண்டு பக்கமும் உருண்டையாக மேலேறி உச்சியில் கூடினால் அது ட்யூடர் கிரீடம். எட்டாம் எட்வர்டு, ஆறாம் ஜார்ஜ் காலத்துச் சின்னங்களில் இருப்பது அதுதான். வளைவுகள் உச்சியில் பள்ளமாக உள்ளிறங்கினால் அது புனித எட்வர்டு கிரீடம், 1952-ல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் எலிசபெத் காலத்தது. 2022-ல் மூன்றாம் சார்லஸ் மறுபடியும் ட்யூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். ஆக, உருண்டை வளைவு என்றால் 1952-க்கு முன்பு அல்லது 2022-க்குப் பின்பு.

இதில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. எலிசபெத் காலத்தில் பல பழைய சின்னங்களைப் புதுக் கிரீடத்தோடு திரும்ப வரைந்தார்கள். அதனால் கிரீடத்தை வைத்து, கையில் இருக்கும் பிரதி எப்போது வரையப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். சின்னத்துக்கு எப்போது ஒப்புதல் கிடைத்தது என்று சொல்ல முடியாது. 1943-ல் ஜெர்மனி அணைகளின் மேல் பறந்த விமானம் என்று ஓர் ஓவியம் போட்டு, மூலையில் பள்ளக் கிரீடத்தோடு 617-ஆம் ஸ்குவாட்ரன் சின்னத்தை வைக்கிறார்கள். பத்து ஆண்டு முன்னதாகவே எலிசபெத்துக்கு முடிசூட்டிய கணக்கு அது.

கிரீடத்துக்குக் கீழே வளையம், அதில் ஸ்குவாட்ரன் பெயர். வளையத்தைச் சுற்றி இலைமாலை. அடியில் சுருள் பட்டை, அதில் வாசகம். இந்தச் சட்டகம் எல்லா ஸ்குவாட்ரனுக்கும் பொது, மாறுவது நடுவில் உள்ள உருவம் மட்டும். கேடயம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஹெரால்ட்ரி எனப்படும் ஐரோப்பியச் சின்னக்கலை மரபில் கேடயத்தில் தீட்டும் சின்னம் ஒரு மனிதருக்கோ குடும்பத்துக்கோ நகரத்துக்கோ உரியது. அவரைச் சேர்ந்தவர்கள் அணிவது பேட்ஜ். ஸ்குவாட்ரன் அரசரின் படையைச் சேர்ந்தது, அதனால் அதற்கு பேட்ஜ்தான். விமானப்படைக்காரர்களே பேச்சில் 'க்ரெஸ்ட்' என்பார்கள். அந்தப் பெயர் தலைக்கவசத்தின் மேல் வைக்கும் வேறொரு பொருளுக்கு உரியது.

1930களின் நடுப்பகுதி வரை ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தன் விருப்பத்துக்கு ஏதோ ஒன்றை வரைந்துகொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்த, சின்னங்களுக்கான அரச அமைப்பான லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் செஸ்டர் ஹெரால்ட் என்ற சின்ன அதிகாரி பதவியில் இருந்த ஜான் ஹீட்டன்-ஆம்ஸ்ட்ராங்கை விமானப்படைச் சின்னங்களின் முதல் இன்ஸ்பெக்டராக அமர்த்தினார்கள். ஸ்குவாட்ரன் தன் எண்ணத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதி அனுப்பும். இன்ஸ்பெக்டர் அதை ஹெரால்ட்ரி முறைக்குக் கொண்டுவந்து, வேறு யாருடைய சின்னத்தோடும் மோதாதபடி திருத்துவார். பிறகு ஓவியர் வண்ணத்தில் தீட்டுவார், கடைசியில் அரசர் கையெழுத்திடுவார். 1936-ல் ஒப்புதல் பெற்ற முதல் வரிசைச் சின்னங்களில் இருப்பது எட்டாம் எட்வர்டின் கையெழுத்து. ஓராண்டு கூட முழுதாக அரியணையில் இல்லாதவர் என்பதால், அவர் கையெழுத்திட்ட மூலப்படங்களுக்குத் தனி மதிப்பு.

இனி முக்கியமான விஷயம். சின்னத்தின் சட்டபூர்வ வடிவம் படம் அல்ல, சொற்கள். பிளேசன் என்று சொல்லப்படும் ஒரு வரி விவரணை அது. அதை வைத்து இரண்டு ஓவியர்கள் வரைந்தால் இரண்டு படங்களும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் சரியாகவும் இருக்கும். கழுகின் இறகு எத்தனை, புலியின் கோடு எத்தனை என்பதெல்லாம் ஓவியர் விருப்பம். பிளேசனில் இருக்கும் சொல்லை மீறினால்தான் தப்பு. வரையவோ தைக்கவோ போகிறவர்கள் இணையத்தில் கிடைக்கும் படத்தை நகலெடுக்காமல் பிளேசனைத் தேடி எடுத்துக்கொள்வது நல்லது. படத்துக்குப் படம் பிழை சேர்ந்துகொண்டே போகும், பிளேசனில் சேராது.

பிளேசனில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. 15-ஆம் ஸ்குவாட்ரனுக்கு இரு சிறகுகளுக்கு நடுவே நேரே பார்க்கும் பெண்மான் தலை. 33-க்கு நேரே பார்க்கும் ஆண்மான் தலை. பெண்மானுக்குக் கொம்பு கிடையாது, ஆணுக்குக் கிளைக் கொம்பு உண்டு. 15 பறந்தது ஹாக்கர் ஹைண்ட் விமானம், 33 பறந்தது ஹாக்கர் ஹார்ட் விமானம். ஹைண்ட் என்றால் பெண்மான், ஹார்ட் என்றால் ஆண்மான். 15-இன் சின்னத்துக்குக் கொம்பு போட்டுவிட்டால் வேறு விமானத்தின் கதையைச் சொன்னதாகிவிடும். 33-இன் பிளேசனில் இன்னொரு சொல்லும் உண்டு: கழுத்து 'கூப்ட்', அதாவது நேர்க்கோட்டில் வெட்டியது. 'இரேஸ்ட்' என்று இருந்தால் பிய்த்தெடுத்தது போலக் கீழ்விளிம்பு கூர்கூராகத் தொங்க வேண்டும். 74-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் 'புலி முகம்'. முகம் என்றால் கழுத்தே கிடையாது, நேராக நம்மைப் பார்க்கும். கழுத்தோடு வரைந்த 74 சின்னத்தைக் கண்டால், வரைந்தவர் பிளேசனைப் படிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வட்டங்களுக்கும் நிறத்தை வைத்துப் பெயர் உண்டு. பொன்வட்டம் பெஸன்ட், வெள்ளிவட்டம் பிளேட், சிவப்பு டோர்ட்டோ, நீலம் ஹர்ட், கறுப்பு ஓக்ரெஸ். பெயரைச் சொன்னாலே நிறம் முடிவாகிவிடும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 7-ஆம் ஸ்குவாட்ரனின் பிளேசன் ஹர்ட்டில் தொடங்குகிறது. நீல வட்டத்தில் ஆறு முனை கொண்ட ஏழு நட்சத்திரங்கள், சப்தரிஷி மண்டல வடிவில். ஏழு நட்சத்திரம், ஏழாம் ஸ்குவாட்ரன். 'பகலிலும் இரவிலும்' என்பது வாசகம். 85-க்குக் கறுப்பு வட்டத்தில் உள்ளே வெறுமையான வெள்ளை அறுகோணம். முதல் உலகப்போரில் அவர்களுடைய விமானங்களில் இருந்த அடையாளம் அது.

நிறத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது. தூரத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. கருநீலத்தின் மேல் கறுப்புக் கழுகை வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் காரணம் விளங்கும். எங்காவது வண்ணத்தின் மேல் வண்ணம் வந்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் மெல்லிய கரை போட்டுப் பிரிப்பார்கள். 'ப்ராப்பர்' என்று எழுதியிருந்தால் அந்தப் பொருளின் இயல்பு நிறம். ராயல் விமானப்படைச் சின்னங்களில் நடுவட்டம் பெரும்பாலும் வெள்ளை, உருவம் இயல்பு நிறம். அதனால் இந்த விதி அங்கே அதிகம் உறுத்துவதில்லை.

கரை போட்டதற்கு உதாரணம் 22-ஆம் ஸ்குவாட்ரன். சிவப்பு வட்டத்தில் விளிம்பு வரை நீளும் மால்டாச் சிலுவை, அதன் மேல் கரையிட்ட 'பை' என்ற கிரேக்க எழுத்து. கணக்கில் வரும் அதே பை. முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்தபோது 22-ஆம் ஸ்குவாட்ரன் மேலெழும்பும் பாதை 7-ஆம் ஸ்குவாட்ரனின் தளத்துக்கு மேலே போயிற்று. ஏழுக்கு மேல் இருபத்திரண்டு, 22/7. மால்டாவில் இருந்ததற்குச் சிலுவை. இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு ஊர்களின் வரலாற்றை அடைத்த சின்னம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எண்ணை ஒளித்துவைப்பதில் இதற்கு அடுத்தபடி 6-ஆம் ஸ்குவாட்ரனைச் சொல்வேன். பாம்பைப் பற்றியிருக்கும் கழுகு அது. இரண்டும் சேர்ந்து வளைந்து 6 என்ற வடிவம் வரும்.

பழைய விமானத்தின் பெயரைப் படமாக்குவது இந்தச் சின்னங்களில் நிறைய. 19-க்கு டால்ஃபின், முதல் உலகப்போரில் பறந்த சாப்வித் டால்ஃபினுக்காக. 43-க்குச் சண்டைச் சேவல், 1920களின் கேம்காக் விமானத்துக்காக. 27-க்கு யானை, 'எலிஃபன்ட்' என்று பட்டப்பெயர் பெற்ற மார்ட்டின்சைட் விமானத்துக்காக. கேம்காக் போய் ஃபியூரி வந்தது, ஹரிக்கேன் வந்தது, பின்னாளில் ஃபேன்டம் வந்தது, சேவல் அப்படியே நின்றது. சின்னம் கேட்ட அன்றைக்கு ஸ்குவாட்ரன் தன்னைப் பற்றி எதைப் பெருமையாக நினைத்ததோ அதுதான் அதில் பதிவாகியிருக்கிறது. இன்றைக்கு அது என்ன செய்கிறது என்பதைச் சின்னத்தில் தேடுவது வீண்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று ஸ்குவாட்ரன்கள் உண்டு. 79, 234, 264. மூன்றுக்கும் அதிகாரப்பூர்வப் பெயரில் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' ஒட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பேரரசின் பல பகுதிகளிலிருந்து போர் நிதி போயிற்று. நிதி தந்த பகுதியின் பெயரை ஒரு ஸ்குவாட்ரனுக்குச் சூட்டினார்கள். கிஃப்ட் ஸ்குவாட்ரன் என்பது அதுதான். சென்னை மாகாணத்தின் பெயர் மூன்று ஸ்குவாட்ரன்களுக்குக் கிடைத்தது.

79-க்குப் பாயும் சலமாண்டர். ஹெரால்ட்ரியில் சலமாண்டர் என்பது தீக்குள் வாழும், தீ தீண்டாத பல்லி வடிவப் பிராணி. குளத்தோரம் காணும் உயிரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் தீநாக்கு இல்லாமல் வரைந்தால் வெறும் பல்லியாகிவிடும். வாசகம், 'எங்களை எதுவும் தடுக்க முடியாது'. மூன்றில் இந்தியப் பக்கம் வந்தது இந்த ஸ்குவாட்ரன். 1942-ல் வந்து பர்மா போர்முனையில் ஹரிக்கேனும் பிறகு தண்டர்போல்ட்டும் பறந்தது.

234-க்கு வாயில் தீ கக்கியபடி பின்கால்களில் எழுந்து நிற்கும் டிராகன். வாசகத்துக்கு 'தீயையும் சாவையும் உமிழ்கிறோம்' என்று பொருள். 1940 மார்ச் முதல் அது பறந்தது ஸ்பிட்ஃபயர், சொல்லுக்குச் சொல் 'தீ உமிழ்'. லத்தீனில் எழுதியிருந்தாலும் பொருளைப் பார்த்தால் விமானத்தின் பெயர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

264-க்குத் தலைக்கவசம். பிளேசன் அவ்வளவுதான், ஒரே சொல். வாசகம் 'வீ டிஃபை', எதிர்த்து நிற்கிறோம். விமானம் போல்ட்டன் பால் டிஃபயன்ட். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே இல்லாத போர்விமானம் அது. விமானியின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கோபுரத்தில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள், அவற்றுக்குத் தனி ஆள். 1940 மே மாத இறுதியில் டன்கர்க் வானில் முதலில் அது எதிரியைத் திகைக்க வைத்தது. எதிரி விமானிகள் அதன் முன்பக்கத்தைத் தெரிந்துகொண்டபின் ஆகஸ்டில் ஸ்குவாட்ரனுக்குக் கடும் இழப்பு. பிறகு இரவுப் பணிக்கு மாறியது, அடுத்து மஸ்கிட்டோ வந்தது. டிஃபயன்ட் போனபின்னும் வாசகம் மாறவில்லை.

மூன்று சின்னங்களிலும் மெட்ராஸைச் சொல்லும் பொருள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹைதராபாத் பெயர் தாங்கிய 152-ஐப் பாருங்கள், அதன் சின்னம் நிஜாமின் தலைப்பாகை, வாசகம் 'நம்பிக்கைக்குரிய நட்பு அரசு'. அதே ஹைதராபாத்தின் பெயர் கொண்ட 253-க்கு இந்தியப் போர்க்கோடரி பிடித்த கை. கிழக்கிந்தியாவின் பெயர் கொண்ட 92-க்கு நாகப்பாம்பு, அது மேப்பிள் கிளையைச் சுற்றியிருக்கிறது. ஹைதராபாத்துக்கு ஒரு மன்னர் இருந்தார், அவருக்கு அணிகலனும் தனிச் சின்னமும் இருந்தன, ஹெரால்டுக்கு எடுத்துக்கொள்ளக் கைவசம் பொருள் இருந்தது. மாகாணத்துக்கு ஆளுநரும் செயலகமும்தான். காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கொடுத்தவர்களுடைய மண்ணிலிருந்து ஒரு பனைமரமாவது இடம்பெற்றிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 30-ஆம் ஸ்குவாட்ரன் ஈராக்கில் நெடுங்காலம் இருந்ததற்காகப் பேரீச்ச மரத்தை வைத்துக்கொண்டது. மரம் ஒன்றும் மரபுக்குப் புறம்பில்லை.

இடம் சார்ந்த சின்னங்களில் கிழக்குப் பக்கத்துக்குப் பஞ்சமில்லை. 1915-லேயே இந்தியாவுக்கு வந்த 31-க்கு இந்திய நட்சத்திரம், 'இந்திய வானில் முதல்' என்ற வாசகம். 60-க்கு வடமேற்கு எல்லை மலைகளின் மார்க்கோர் ஆட்டுத் தலை. 8-க்கு ஏடன் பக்கத்து ஜம்பியா குத்துவாள், உறையிட்டது. உறையிலிருந்து உருவி வரைந்தால் பிழை. சிங்கப்பூரில் இருந்த 100-க்கு மண்டையோடும் எலும்புகளும், வாசகம் மலாயில்: 'சாராங் தெபுவான் ஜாங்ஙான் டிஜோலோக்', குளவிக் கூட்டைக் குத்தாதே. 230-க்குப் பனை வகை மரம் ஒன்றுக்கு முன் நடக்கும் புலி, 'வெகுதூரம் தேடுகிறோம்' என்று அதுவும் மலாயில். அந்த ஸ்குவாட்ரனின் கடல்விமானங்கள் திருகோணமலையிலும் கொக்கலையிலும் இருந்திருக்கின்றன. 14-க்கு அரபு வாசகம், டிரான்ஸ்ஜோர்டான் அமீர் பரிந்துரைத்தது. வாசகம் லத்தீனில்தான் இருக்கவேண்டும் என்று விதி ஏதும் கிடையாது.

617-ஐ மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதன் பிளேசனைத் தமிழில் சொன்னால்: வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு சுவர், ஆப்பு போலக் கீழ்நோக்கிக் குவியும் மூன்று மின்னல்களால் அது உடைபட்டிருக்கிறது, உடைப்பிலிருந்து இயல்பு நிறத்தில் நீர் பாய்கிறது. 1943 மே 16-17 இரவில் கை கிப்சன் தலைமையில் மோனே, எடர் அணைகளை உடைத்த ஸ்குவாட்ரன் அது. மின்னல் எத்தனை என்பதும் பிளேசனிலேயே இருக்கிறது. நான்காக வரைந்தாலும் தப்பு, இணைகோடுகளாக நிறுத்தினாலும் தப்பு, கீழே குவியத்தான் வேண்டும். நீர் உடைப்பிலிருந்து மட்டுமே வரவேண்டும். சில பேட்ச்களில் சுவரின் மேலிருந்து வழியும், அது அணை நிரம்பி வழிவதாகப் பொருள்படும். வாசகம் பிரெஞ்சில்: 'எனக்குப் பின் வெள்ளம்'.

துணியில் தைக்கும்போது வரும் சிக்கல்கள் வேறு. பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் பேட்ச் எடுத்தால் சுருள் பட்டைக்கு எட்டு சென்டிமீட்டர் கிடைக்கும். 19-ஆம் ஸ்குவாட்ரனின் லத்தீன் வாசகம் இடைவெளிகளோடு 27 எழுத்து. ஓர் எழுத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட வராது. மெஷின் எம்பிராய்டரியில் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் எழுத்தின் உள்வெளி நூலால் அடைந்துபோகும், ஏ-யும் ஓ-வும் ஒரே கட்டியாகத் தெரியும். பேட்சைப் பெரிதாக்க வேண்டும், அல்லது எழுத்தை மட்டும் நெய்த பட்டையாகச் செய்து ஒட்டவேண்டும். 22-இன் பையைச் சுற்றிய மெல்லிய கரைக்கும் இதே ஆபத்து. சாட்டின் தையல் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் துணிக்குள் புதைந்துவிடும், கரை காணாமல் போனால் எழுத்தும் சிலுவையும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். புதிதாக வரைகிறவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: வட்டத்தின் நடுவில் உருவத்தைச் சிறிதாக வைத்துச் சுற்றிலும் வெற்றிடம் விடுவார்கள். ஹெரால்ட்ரியில் உருவம் இடத்தை நிரப்ப வேண்டும், இறக்கை நுனியும் வாலும் விளிம்பை எட்டவேண்டும்.

விமானத்தில் தீட்டும்போது திசை முக்கியம். ஹெரால்ட்ரியில் விலங்கு நம் பார்வைக்கு இடப்பக்கம் பார்க்கும். விமானத்தின் இடப்புறத்தில் அப்படியே வைத்தால் மூக்கை நோக்கி இருக்கும், பொருத்தம். வலப்புறத்தில் அப்படியே வைத்தால் விலங்கு வாலை நோக்கி ஓடும். அதனால் அந்தப் பக்கம் உருவத்தைப் புரட்டி வரைவது வழக்கம். ஆனால் எல்லாவற்றையும் புரட்ட முடியாது. எழுத்து இடவலம் மாறிவிடும், 7-இன் சப்தரிஷி வானத்தில் இல்லாத மண்டலமாகும், 6-இன் கழுகும் பாம்பும் ஆறாக இருக்காது. மாடல் விமானக் கிட்களின் டெகால் தாளில் (ஒட்டுப்படத் தாள்) இந்த மூன்றையும் தனியாகச் சரிபார்த்துவிட்டு ஒட்டுங்கள். 1936 வாக்கில் வால்துடுப்பில் தீட்டிய சின்னங்களுக்குச் சட்டகமே வேறு: சண்டை விமானங்களுக்கு ஈட்டி முனை, குண்டுவீச்சு விமானங்களுக்குக் கைக்குண்டு வடிவம், தரைப்படையோடு சேர்ந்து இயங்கியவற்றுக்கு ஆறு முனை நட்சத்திரம். அந்தக் கால மாடலில் கிரீடமும் இலைமாலையுமாக முழுச் சின்னத்தை வாலில் ஒட்டுவது பொருந்தாது.

6-ஆம் ஸ்குவாட்ரனின் விமானத்தில் கழுகுக்குப் பதிலாகச் சிறகு முளைத்த டின் திறப்பான் இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் 40 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய ஹரிக்கேன்களை வைத்து டாங்கிகளைப் பிளந்த நாட்களில் ஸ்குவாட்ரனே எடுத்துக்கொண்ட அடையாளம் அது. கழுகும் பாம்பும் அரசர் கையெழுத்திட்ட சின்னம். டின் திறப்பான் ஸ்குவாட்ரனின் சொந்தத் தேர்வு. இரண்டும் உண்மையானவை, இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் போடுவது மட்டும் கூடாது.